பெருநாளும் சம்பளமும்: மலேசியச் சிறு வணிகர்கள் பொது விடுமுறைக் கணக்கைச் சரியாக வைப்பது எப்படி

கிள்ளான் பள்ளத்தாக்கில் சில உணவகங்களுக்கும் கடைகளுக்கும் நான் சம்பளக் கணக்கு எழுதி வருகிறேன். மற்ற மாதங்களில் அதிகம் அழைக்காத முதலாளிகள், சீனப் புத்தாண்டு முடிந்த வாரத்திலும் தீபாவளி முடிந்த வாரத்திலும் தவறாமல் அழைப்பார்கள். பெருநாளன்று வேலை செய்தவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. அதற்கு ஒரே தொகையைச் சொல்லிவிட்டுப் பேச்சை முடிக்க முடிவதில்லை. கடையில் எந்தெந்த நாள்களை விடுமுறையாக அறிவித்திருக்கிறீர்கள், அந்தத் தொழிலாளியின் வார ஓய்வு நாள் எது, நாளை மாற்றிக்கொள்வதற்கு அவருடைய சம்மதம் எழுத்தில் இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. இம்மூன்றுக்கும் விடை தெரிந்தவர்களுக்குக் கணக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தெரியாதவர்களுக்கு அது மனத்தாங்கலாகவும், சில வேளைகளில் தொழிலாளர் இலாகாவில் புகாராகவும் முடிகிறது. ஆகவே இந்த வழிகாட்டி பெருநாளில் தொடங்காமல், அதற்கு முந்தைய ஆண்டின் டிசம்பர் மாதத்தில் தொடங்குகிறது.

இங்கே சொல்லப்படுபவை தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் பொருந்தும் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனித் தொழிலாளர் சட்டங்கள் உள்ளன. அங்கே கிளை வைத்திருப்பவர்கள் அவற்றைத் தனியே பார்க்க வேண்டும். சரவாக்கில் தீபாவளி பொது விடுமுறைப் பட்டியலிலேயே இல்லை என்பதை நினைத்துப் பார்த்தாலே இதன் காரணம் விளங்கும்.

யாருக்குப் பொருந்தும்?

2023 ஜனவரி 1 முதல் இந்தச் சட்டம் சம்பள வரம்பின்றி, வேலை ஒப்பந்தத்தின்கீழ் வேலை செய்யும் எல்லாருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் விடுமுறை நாளில் வேலை செய்வதற்கான கூடுதல் சம்பளம், ஓய்வு நாள் வேலைக்கான சம்பளம், கூடுதல் நேரச் சம்பளம் ஆகியவை மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் பெறுபவர்களுக்குச் சட்டப்படி கட்டாயம் இல்லை. உடலுழைப்பில் ஈடுபடுபவர்கள், அவர்களை மேற்பார்வை செய்பவர்கள், வாகனம் ஓட்டுபவர்கள் ஆகியோருக்கு இந்த வரம்பு கிடையாது; அவர்கள் எவ்வளவு சம்பளம் பெற்றாலும் கூடுதல் சம்பளத்துக்கு உரியவர்கள். 4,500 ரிங்கிட் வாங்கும் கடை மேலாளருக்கும் சம்பளத்தோடு கூடிய பொது விடுமுறை உண்டு. அந்த நாளில் அவரை வேலைக்கு அழைத்தால் என்ன கொடுப்பது என்பதை மட்டும் அவருடைய ஒப்பந்தம் தீர்மானிக்கும். ஒப்பந்தம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றால், அடுத்த முறை புதுப்பிக்கும்போது ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வேலை அனுமதிச் சீட்டுடன் வந்தவர்களுக்கு இதில் தனிக் கணக்கு எதுவும் இல்லை. சமையலறையில் நிற்பவர் மதுரைக்காரராக இருந்தாலும் வங்காளதேசத்தவராக இருந்தாலும், ஈப்போவில் பிறந்தவருக்குள்ள அதே விடுமுறைகளும் அதே கூடுதல் சம்பளமும் அவருக்கும் உண்டு. தங்குமிடம் கொடுக்கிறோம் என்பதை விடுமுறைச் சம்பளத்துக்கு ஈடாகச் சொல்லும் பழக்கம் நம் உணவகங்களில் இன்றும் இருக்கிறது. சட்டத்தில் தங்குமிடத்தின் மதிப்பு சம்பளத்தில் சேராது. எனவே அதைக் கொண்டு இந்தக் கடனை அடைக்க முடியாது.

டிசம்பரில் ஒட்ட வேண்டிய தாள்

ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் ஆண்டில் அரசிதழில் அறிவிக்கப்பட்ட விடுமுறைகளில் 11 நாள்கள் சம்பளத்தோடு கிடைக்க வேண்டும். அவற்றுள் ஐந்து நாள்களைச் சட்டமே குறித்துவிட்டது: தேசிய தினம், மாமன்னரின் பிறந்தநாள், தொழிலாளி முழுமையாகவோ பெரும்பாலுமோ வேலை செய்யும் மாநிலத்தின் ஆட்சியாளர் அல்லது ஆளுநரின் பிறந்தநாள் (கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் ஆகிய கூட்டரசுப் பிரதேசங்களில் அதற்குப் பதிலாகக் கூட்டரசுப் பிரதேச தினம்), தொழிலாளர் தினம், மலேசிய தினம். மீதி ஆறு நாள்களை முதலாளி தேர்ந்தெடுத்து, ஆண்டு தொடங்குவதற்கு முன்பே வேலையிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி அறிவிப்பாக ஒட்ட வேண்டும்.

இந்த ஆறையும் எழுதி ஒட்டாத கடைகளே அதிகம். நாள்காட்டியில் சிவப்பு மையில் அச்சானதெல்லாம் விடுமுறை என்று தொழிலாளியும், கடை மூடியிருக்கும் நாள் மட்டுமே விடுமுறை என்று முதலாளியும் ஆளுக்கொரு பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டிருப்பார்கள். நபிகள் நாயகம் பிறந்தநாளன்று வேலை செய்தவர் மாத இறுதியில் கூடுதல் சம்பளம் கேட்கும்போதுதான் இரண்டு பட்டியல்களும் மோதுகின்றன. நம்மவர்களின் கடைகளில் சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, கிறிஸ்துமஸ் ஆகியவை எப்படியும் இடம்பெறும். எஞ்சிய இரண்டு இடங்களுக்குத்தான் தைப்பூசம், விசாக தினம், ஹஜ்ஜுப் பெருநாள், சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் எல்லாம் போட்டியிடும். தொழிலாளர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஊழியர்களில் பாதிப் பேர் முஸ்லிம்களாக இருக்கும் கடையில் ஹஜ்ஜுப் பெருநாளை விட்டுவிட்டு வேறொன்றைப் போடுவது சட்டப்படி தவறில்லை என்றாலும், அன்று காலையில் கடை திறக்க ஆள் வருமா என்பது வேறு விஷயம்.

மாநிலத்தைக் கவனிப்பதில் ஒரு சிறு கண்ணி இருக்கிறது. தைப்பூசம் சிலாங்கூர், பினாங்கு, பேராக், நெகிரி செம்பிலான், ஜொகூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய இடங்களில் விடுமுறை. எல்லா மாநிலங்களிலும் இல்லை. கோலாலம்பூரில் குடியிருந்து கிள்ளானில் வேலை செய்பவருக்கு, வீடு இருக்கும் இடம் கணக்கில் வராது. டிசம்பர் 11ஆம் தேதி வரும் சிலாங்கூர் சுல்தானின் பிறந்தநாள்தான் அவருக்குரியது, கூட்டரசுப் பிரதேச தினம் இல்லை. இரண்டு மாநிலங்களில் கிளை வைத்திருப்பவர்கள் ஒரே தாளை நகலெடுத்து இரண்டு இடத்திலும் ஒட்டக் கூடாது.

பகுதி நேரமாக வேலை செய்பவர்களுக்கான 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் தனி. முழுநேரத் தொழிலாளியின் வேலை நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் 70 விழுக்காடு வரை வேலை செய்பவர்களுக்கு ஆண்டில் ஏழு பொது விடுமுறைகள் உண்டு. வார இறுதியில் மட்டும் வரும் கல்லூரி மாணவர்களை வைத்து நடத்தும் கடைகள் அந்த ஏழு நாள்களையும் அதே தாளில் குறித்துவிடலாம்.

ஓய்வு நாளைப் பார்க்காமல் விடுமுறையைப் பார்க்காதீர்கள்

என் அனுபவத்தில் மிக அதிகமான பிழைகள் நடப்பது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பொது விடுமுறை ஒருவருடைய ஓய்வு நாளிலோ மற்றொரு பொது விடுமுறையிலோ விழுந்தால், அதை அடுத்து வரும் வேலை நாள் அவருக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறையாகிவிடும். ஓய்வு நாள் என்றவுடன் ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்துக்கொள்வது அலுவலகத்துக்குப் பொருந்தலாம், உணவகத்துக்குப் பொருந்தாது. வாழையிலை உணவகங்களில் ஞாயிறு மதியம்தான் கூட்டம் நெரியும். ஆள்களுக்குச் செவ்வாய், புதன் என்று மாறி மாறி ஓய்வு தருவார்கள். சட்டம் பேசுவது அந்தந்தத் தொழிலாளிக்குப் பணி அட்டவணையில் குறிக்கப்பட்ட ஓய்வு நாளைப் பற்றியே.

2026ஆம் ஆண்டுத் தீபாவளியை எடுத்துக்கொள்வோம். அது நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஒரே உணவகத்தில் இருவர் வேலை செய்கிறார்கள். முதலாமவருக்கு ஞாயிறு ஓய்வு, இரண்டாமவருக்குச் செவ்வாய் ஓய்வு. முதலாமவருக்குத் தீபாவளி விடுமுறை திங்கட்கிழமைக்கு நகர்கிறது. இரண்டாமவருக்கு நகர்வதில்லை, ஞாயிறே அவருடைய விடுமுறை, திங்கள் அவருக்குச் சாதாரண வேலை நாள். இருவரும் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேரம் வேலை செய்தால், முதலாமவருக்கு ஓய்வு நாள் வேலைக்கான சம்பளம் கணக்காகும்; இரண்டாமவருக்குப் பொது விடுமுறை வேலைக்கான சம்பளம் கணக்காகும். பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்த இருவருக்கு வெவ்வேறு தொகை வருவது அநியாயம்போலத் தோன்றும். ஆனால் முதலாமவருக்குத் திங்கட்கிழமை விடுமுறை இன்னும் கையில் இருக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு நிமிர்ந்துவிடும். இதைச் சம்பள நாளில் விளக்குவதைவிடப் பெருநாளுக்கு முன்பே இருவரையும் அழைத்துச் சொல்லிவிடுவது எவ்வளவோ மேல்.

அதே ஆண்டில் விசாக தினம் மே 31, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. மாமன்னரின் பிறந்தநாள் ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமையில் கொண்டாடப்படுவதால் அதற்கு மறுநாளே ஜூன் 1 வந்துவிடுகிறது. விசாக தினத்தைத் தன் ஆறு நாள்களில் சேர்த்திருக்கும் கடையில், ஞாயிறு ஓய்வுள்ளவருக்கு விசாக தினத்தின் பதில் நாள் திங்கட்கிழமையைத் தாண்டி ஜூன் 2, செவ்வாய்க்கிழமையில் போய் நிற்கும். கோலாலம்பூரில் கடை வைத்திருப்பவர்களுக்கு அந்த ஆண்டின் பிப்ரவரி 1 இன்னொரு சோதனை. அன்று ஞாயிற்றுக்கிழமை, தைப்பூசமும் கூட்டரசுப் பிரதேச தினமும் ஒரே நாளில் விழுகின்றன. தைப்பூசத்தையும் உங்கள் அறிவிப்பில் சேர்த்திருந்தால், இரண்டையும் தனித்தனி விடுமுறையாக எண்ணுங்கள். ஒன்றுக்குள் மற்றொன்றை ஒளித்து வைத்தால் ஆண்டு இறுதியில் பதினொன்று பத்தாகத்தான் நிற்கும்.

ஐந்து நாள் மட்டும் திறந்திருக்கும் அலுவலகங்களில் சனிக்கிழமை பொதுவாக வேலையில்லாத நாள். ஆனால் சட்டம் சொல்லும் ஓய்வு நாள் இல்லை. ஓய்வு நாள் ஞாயிறு மட்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், சனிக்கிழமையில் விழும் பொது விடுமுறைக்குப் பதில் நாள் தர வேண்டிய கட்டாயம் இல்லை. கெடா, கிளந்தான், திரெங்கானு ஆகிய மாநிலங்களில் வார இறுதி வெள்ளியும் சனியும். ஜொகூர் 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. பழைய அட்டவணையை அப்படியே தொடரும் ஜொகூர் கடைகள் இதைச் சரிபார்க்க வேண்டும்.

ஓய்வு நாள் மாறி மாறி வரும் இடங்களில், மாதம் தொடங்குவதற்கு முன்பே பணி அட்டவணையை எழுதி வைக்க வேண்டும் என்பதும் சட்டமே. பெருநாள் முடிந்த பிறகு, “உனக்கு அன்று ஓய்வு நாள்தானே” என்று அட்டவணையைத் திருத்துவது ஏமாற்று வேலை. அதிகாரி கேட்டால் முதலில் பார்ப்பதும் அந்தத் தாளைத்தான்.

தொகையைக் கணக்கிடுதல்

மாதச் சம்பளக்காரரின் ஒரு நாள் சம்பளம், கூடுதல் வேலைகளைக் கணக்கிடுவதற்காக, மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து வருவது. மாதத்தில் 28 நாள் இருந்தாலும் 31 நாள் இருந்தாலும் இந்த 26 மாறாது. ஒரு மணி நேரச் சம்பளம் அந்தத் தொகையை வழக்கமான வேலை நேரத்தால் வகுத்து வருவது. மாதம் 2,080 ரிங்கிட் வாங்குபவர் நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்கிறார் என்றால், ஒரு நாளுக்கு 80 ரிங்கிட், ஒரு மணிக்கு 10 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்குபவருக்கு ஒரு நாள் 65 ரிங்கிட் 38 சென் வரும்.

பொது விடுமுறை நாளில் வேலை செய்தால், விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்த ஒவ்வொரு மணிக்கும் மணிச் சம்பளத்தைப்போல மூன்று மடங்கு. நம் 2,080 ரிங்கிட்காரர் தன் விடுமுறை நாளில் பத்து மணி நேரம் நின்றால், எட்டு மணி நேரத்துக்கு 160 ரிங்கிட்டும், மீதி இரண்டு மணி நேரத்துக்கு 60 ரிங்கிட்டும் சேர்ந்து 220 ரிங்கிட் மாதச் சம்பளத்தோடு கூடும். மூன்று மணி நேரம் மட்டும் வந்து காய்கறி நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாலும் அந்த 160 ரிங்கிட் குறையாது; வேலை செய்த நேரம் குறைவு என்பதைக் காட்டிக் குறைக்கக் கூடாது என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே விடுமுறையன்று இரண்டு மணி நேர வேலைக்கு ஆளை அழைப்பதற்கு முன், அந்த வேலையை முந்தைய நாளிலேயே முடிக்க முடியாதா என்று ஒருமுறை யோசிப்பது லாபம்.

“மூன்று மடங்கு” என்று வாய்வழக்கில் சொல்வதால் ஒரு குழப்பம் வருகிறது. நாள் சம்பளக்காரருக்கு அந்தச் சொல் சரி. 80 ரிங்கிட் நாள் சம்பளம் வாங்குபவர் விடுமுறையன்று வேலைக்கு வராவிட்டாலும் 80 ரிங்கிட் உண்டு. வந்தால் அதோடு 160 சேர்ந்து 240 கைக்கு வரும். மாதச் சம்பளக்காரருக்கோ அந்த முதல் 80 ரிங்கிட் மாதச் சம்பளத்துக்குள்ளேயே இருக்கிறது; அவருக்கு மேற்கொண்டு 240 சேர்த்தால் நான்கு மடங்காகிவிடும். தொழிலாளி இதைக் கேட்டு வரும்போது அவர் பேராசைப்படுகிறார் என்று எண்ண வேண்டாம்; முந்தைய கடையில் நாள் சம்பளத்தில் இருந்தவராக இருப்பார்.

ஓய்வு நாளில் வேலை செய்தால் மாதச் சம்பளக்காரருக்குக் கணக்கு வேறு. வழக்கமான நேரத்தில் பாதியோ அதற்குக் குறைவோ என்றால் அரை நாள் சம்பளம், பாதிக்கு மேல் முழு நேரம் வரை என்றால் ஒரு நாள் சம்பளம், அதற்கும் மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் இரண்டு மடங்கு. சாதாரண நாளின் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. மேலே சொன்ன தீபாவளி எடுத்துக்காட்டில் ஞாயிறு ஓய்வுள்ளவருக்கு எட்டு மணி நேரத்துக்கு 80 ரிங்கிட் வரும். திங்கட்கிழமையும் அவரை அழைத்தால் அன்றைக்கு 160. செவ்வாய் ஓய்வுள்ளவருக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு 160. திங்களுக்குக் கூடுதலாக எதுவும் இல்லை.

இந்த 26 என்ற எண்ணைச் சம்பளமில்லா விடுப்புக்கும் பயன்படுத்திவிடுகிறார்கள், அது தவறு. அனுமதி பெற்றுச் சம்பளமில்லா விடுப்பு எடுத்தவருக்கு, அந்த மாதத்தில் மொத்தம் எத்தனை நாளோ அதனால் வகுக்க வேண்டும். நவம்பரில் மூன்று நாள் அப்படி விடுப்பு எடுத்த 2,080 ரிங்கிட்காரருக்கு 30இல் 27 பங்கு, அதாவது 1,872 ரிங்கிட் வரும். பிடித்தம் 208 ரிங்கிட். 26ஆல் வகுத்தால் 240 ரிங்கிட் பிடித்திருப்பீர்கள். 32 ரிங்கிட் வித்தியாசம் முதலாளிக்குச் சிறிதாகத் தெரியலாம். பெருநாளுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவரின் கையில் அது சிறிது இல்லை.

நாளை மாற்றிக்கொள்ளுதல்

சீனப் புத்தாண்டின்போது சீன உணவகங்கள் பல மூடிக் கிடப்பதால் நம் கடைகளில் வியாபாரம் பெருகும். தீபாவளியின்போதோ இரண்டு மூன்று நாள் அடுப்பு எரியாது, ஆளும் இருக்கமாட்டார்கள். இந்த நிலைமைக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. முதலாளி தேர்ந்தெடுத்த ஆறு விடுமுறைகளில் எதையும், தொழிலாளியின் சம்மதத்தோடு வேறொரு நாளுக்கு மாற்றலாம். சீனப் புத்தாண்டன்று வேலை செய்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தீபாவளியை அடுத்து வரும் வேலை நாளில் சம்பளத்தோடு விடுமுறை எடுத்துக்கொள்வதாக இருவரும் ஒப்புக்கொண்டால், சீனப் புத்தாண்டு அவருக்குச் சாதாரண வேலை நாளாகிவிடும். இரண்டு நாள் கூடுதல் சம்பளம் வராது.

இதில் இரண்டு எல்லைகள் உண்டு. தேசிய தினம் முதலான அந்த ஐந்து நாள்களுக்கு இந்த வழி இல்லை. மலேசிய தினத்தன்று கடை திறந்தால் வந்தவருக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். அடுத்தது, மாற்றத்துக்கு உண்மையான சம்மதம் வேண்டும். ஒருமுறை, எனக்குத் தெரிந்த ஓர் உணவகத்தில் நாள் மாற்றத்தை முதலாளி சமையலறையில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். ஏழு பேரில் மூவர் அப்போது கடைக்கு வெளியே இருந்தார்கள். வேலையை விட்டுப் போன பிறகு அவர்களில் ஒருவர் கூடுதல் சம்பளத்தைக் கேட்டபோது, அவர் ஒப்புக்கொண்டார் என்பதற்குக் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. அந்தக் கணக்கை எழுதியவன் நான்தான். சம்மதச் சீட்டு இருக்கிறதா என்று கேட்காமல் எழுதியது என் பிழை. அதிலிருந்து, ஒவ்வொரு பெயருக்கும் எந்த நாள் எந்த நாளாக மாறுகிறது என்று எழுதி, அவரவர் கையொப்பமும் தேதியும் உள்ள ஒரு பக்கத்தைப் பார்க்காமல் நான் நாள் மாற்றத்தைக் கணக்கில் ஏற்றுவதில்லை. மலாயோ தமிழோ வங்காளியோ, கையொப்பம் போடுபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்கட்டும்.

தீபாவளிக்கு முதல் நாள் மதியத்தோடு கடையை மூடுவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். அது சட்டம் தரும் விடுமுறையில் சேராது. விட்டுக்கொடுத்தால் நல்லது, விடாவிட்டால் குற்றமில்லை. ஆனால் விட்ட அந்த அரை நாளை ஆண்டு விடுப்பிலிருந்து சொல்லாமல் கழிக்காதீர்கள்.

திடீரென்று அறிவிக்கப்படும் விடுமுறை

தேர்தல் முடிந்த பிறகோ, விளையாட்டில் வெற்றி பெற்ற பிறகோ பிரதமர் அறிவிக்கும் விடுமுறைகள் வேறு வகை. 15ஆவது பொதுத் தேர்தலுக்குப் பிறகு 2022 நவம்பர் 28 இப்படித்தான் விடுமுறையானது. 1951ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கப்படும் இத்தகைய நாள், பதினொன்றுக்கு மேல் கூடுதலாகச் சேர்ந்துகொள்ளும். உங்கள் அறிவிப்புத் தாளில் இல்லை என்று தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் இந்த நாளுக்குப் பதிலாக வேறொரு நாளைச் சம்பளத்தோடு கொடுக்கும் உரிமையைச் சட்டம் முதலாளிக்குத் தருகிறது. நாளைக் காலையில் திருமண விருந்துக்கு ஐந்நூறு பேருக்குச் சமைக்க வேண்டியிருக்கும் நிலையில் இன்றிரவு அறிவிப்பு வந்தால், உடனே ஒரு பதில் நாளைக் குறித்து எழுத்தில் தெரிவித்துவிட்டு வேலையைத் தொடருங்கள். மாநில அரசு அந்த மாநிலத்துக்கு மட்டும் அறிவிக்கும் சிறப்பு விடுமுறை 8ஆம் பிரிவில் வராது. அது உங்கள் ஆறு நாள்களில் ஒன்றாக இருந்தால் ஒழியத் தனியார் முதலாளிக்குக் கட்டாயம் இல்லை. செய்தியைப் படிக்கும்போது அறிவித்தவர் பிரதமரா, மாநில அரசின் தலைவரான மந்திரி பெசாரா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பெருநாளை ஒட்டிய விடுப்பு

ஆண்டு விடுப்பு இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 12 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 16 நாள். இது பொது விடுமுறைகளுக்கும் ஓய்வு நாள்களுக்கும் மேற்பட்டது. தீபாவளியை நடுவில் வைத்து ஒரு வாரம் விடுப்பு எடுத்தவரின் கணக்கிலிருந்து தீபாவளியையும் ஓய்வு நாளையும் சேர்த்து ஏழு நாள் கழிப்பது தவறு. ஐந்து நாள்தான் கழியும். மருத்துவ விடுப்பில் இருக்கும்போது பொது விடுமுறை வந்தாலும் அவருக்கு வேறொரு நாள் கொடுக்க வேண்டும். காய்ச்சலில் கிடந்தவர் பெருநாளைக் கொண்டாடினார் என்று யாரும் சொல்ல முடியாதல்லவா?

எல்லாரும் ஒரே வாரத்தைக் கேட்கும்போது யாருக்குக் கொடுப்பது என்பதில் சட்டம் கை கொடுக்காது; முதலாளியின் நேர்மைதான் கை கொடுக்கும். நான் பார்த்தவற்றுள் நன்றாக நடப்பது இந்த முறை: பெருநாளுக்கு இரண்டு மாதத்துக்கு முன் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வைத்து, சென்ற ஆண்டு அந்தப் பெருநாளில் வேலை செய்தவர்களுக்கு இந்த ஆண்டு முன்னுரிமை தந்து, அதைச் சுவரில் ஒட்டிய தாளிலேயே பெயரோடு எழுதிவிடுவது. விமானச் சீட்டெடுத்துத் தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களின் விண்ணப்பத்தை மட்டும் இன்னும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டு வாங்கிய பிறகு மறுத்தால் அவருக்குப் பண இழப்பு, உங்களுக்கு நல்ல தொழிலாளி இழப்பு.

பெருநாளுக்கு முந்தைய வேலை நாளோ அடுத்த வேலை நாளோ அனுமதியின்றி வராதவருக்கு, தகுந்த காரணம் இல்லையென்றால், அந்த விடுமுறைச் சம்பளம் கிடையாது. சட்டம் தரும் இந்த ஆயுதத்தைப் பலர் அவசரப்பட்டு எடுக்கிறார்கள். மருத்துவச் சான்று தகுந்த காரணம். பெருநாள் கூட்டத்தில் பேருந்து தாமதமானதும் சில வேளை தகுந்த காரணம்தான். முந்தைய நாள், அடுத்த நாள் என்பதும் அவரவர் வேலை நாளைப் பொறுத்ததே. 2026 தீபாவளிக்கு, ஞாயிறு ஓய்வுள்ளவருக்குத் திங்கள் விடுமுறை என்பதால் சனிக்கிழமையையும் செவ்வாய்க்கிழமையையும் பார்க்க வேண்டும். செவ்வாய் ஓய்வுள்ளவருக்குச் சனியையும் திங்களையும் பார்க்க வேண்டும். முதலில் வரவழைத்துக் காரணத்தைக் கேளுங்கள், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பிடிப்பதா விடுவதா என்று முடிவு செய்யுங்கள்.

எப்போது கொடுப்பது, எப்படிக் காட்டுவது

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கையில் சேர வேண்டும். விடுமுறை நாள், ஓய்வு நாள், கூடுதல் நேர வேலைகளுக்கான தொகையை மட்டும் அடுத்த சம்பளக் காலத்தின் கடைசி நாள் வரை தள்ளிக்கொள்ள அனுமதி உண்டு. நவம்பர் 8இல் வேலை செய்ததற்கான தொகை டிசம்பர் 31க்குள் வந்தால் சட்டம் நிறைவேறியது. இருந்தாலும் முடிந்தவரை நவம்பர்ச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்; தள்ளிப்போட்ட தொகைக்குத்தான் பிறகு வாய்த் தகராறு வருகிறது.

தீபாவளியன்று வந்தவர்களுக்கு உறையில் 200 ரிங்கிட் போட்டுக் கொடுத்துவிட்டேனே என்று சில முதலாளிகள் சொல்வார்கள். உறையில் கொடுத்தது அன்பளிப்பு. சம்பளச் சீட்டில் ஏறாதது கணக்கில் இல்லை. சீட்டில் மாதச் சம்பளம் ஒரு வரி, அதற்குக் கீழே “08.11.2026, பொது விடுமுறை வேலை, 8 மணி, 160.00” என்று ஒரு வரி, “கூடுதல் நேரம், 2 மணி, 60.00” என்று இன்னொரு வரி இருக்க வேண்டும். அந்தச் சீட்டின் நகல், மாதப் பணி அட்டவணை, நாள் மாற்றச் சம்மதத் தாள், டிசம்பரில் சுவரில் ஒட்டிய விடுமுறை அறிவிப்பின் ஒரு பிரதி ஆகிய நான்கையும் ஆண்டுவாரியாக ஒரே கோப்பில் போட்டு ஆறு ஆண்டுகள் வைத்திருங்கள். சம்பளப் பதிவேட்டுக்குச் சட்டம் கேட்கும் காலம் அதுதான். சமையலறை அலமாரியில் வைக்க வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கில் எழுத்து அழிந்துபோன பதிவேட்டை நானே பார்த்திருக்கிறேன்.